நெஞ்சுப் படம்

ஆலத்தியூர்
9 ஜூன் 2024

அறிவரசனுக்கு,

மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கார் ஓட்டி, நலமாகத்தான் இருப்பாய். கேட்காமல் விட்டால் மரியாதை இல்லை என்பதால் கேட்டுக்கொள்கிறேன். நானும் உன் அண்ணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம்.

அப்பாவின் முதல் வருசத் திதி வியாழக்கிழமை முடிந்தது. வந்தவர்களெல்லாம் சின்ன மகன் எங்கே என்று கேட்டார்கள். கம்பெனி லீவு தரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் கூசியது. சாவுக்கும் தரவில்லை, திதிக்கும் தரவில்லை. பாஸ்போர்ட்டை எவனோ பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வானாம், நீ அவனுக்கே காரோட்டுவாயாம். இதைத்தான் ஊரில் பெரிய உத்தியோகம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

போனில் உன்னோடு பேசமாட்டேன் என்று நான் சொன்னதில் மாற்றமில்லை. நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாய். காகிதத்தில் அழ முடியாது. ஏதாவது இருந்தால் எழுது.

இங்கே சிமெண்ட் ஆலையில் போன வாரம் மருத்துவ முகாம். நெஞ்சுப் படம், குழாயில் ஊதிப் பார்ப்பது, சர்க்கரை, பிரஷர் என்று உள்ளூர் ஆட்கள் எல்லோருக்கும் இலவசம். சூப்பர்வைசர் என்பதால் என் பெயர்தான் முதலில். கையெழுத்தைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். நோயில்லாதவனுக்கு எதற்குப் படம்?

அதைவிட வேடிக்கை, என் ஷெட்டில் மூட்டை ஏற்றும் வடக்கத்திப் பையன்களும் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். அதிலே ஒரிசாக்காரன் ஒருவன், அவன் பெயர் என் வாயில் நுழையாது, பிச்சைமுத்து என்று நான்தான் பெயர் வைத்தேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "சார், படம் ஒண்ணு" என்றான். "உனக்கு எதுக்குடா படம்? கல்யாணத்துக்கு அனுப்பப் போறியா? போய் மூட்டையத் தூக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போனான்.

உன் அண்ணன்
செ. மணிவண்ணன்


மஸ்கட்
14 ஜூலை 2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

தங்கள் கடிதம் வந்தது. திட்டுவதற்காவது எழுதினீர்களே என்று சந்தோஷம். அண்ணிக்குக் கால்வலி எப்படி இருக்கிறது? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி சுகம். ஏசியிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து ஏசிக்கும் மாறி மாறிப் போவதால் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான்.

திதிக்கு வராதது பற்றி நான் என்ன எழுதினாலும் உங்களுக்குச் சாக்காகத்தான் படும். அதனால் எழுதவில்லை.

ஆனால் முகாமை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனதைப் படித்தபோது எனக்கு ஆறவில்லை. அப்பா சோளக்கொல்லையில் சாய்ந்தார் அல்லவா? அவருக்குப் பிரஷர் இருந்தது என்பதே அன்றைக்குத்தான் நமக்குத் தெரியும். வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் கையில் யாரும் பட்டை சுற்றிப் பார்த்ததில்லை.

என் மேனேஜர் இந்த நாட்டுக்காரர். அவருக்கும் என் வயதுதான். வருடத்துக்கு ஒரு தடவை அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவேன். உடம்பில் எதுவும் இல்லாதபோதே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். நான் வெளியே காரில் இருப்பேன். போன தடவை திரும்பி வந்தவர், "எல்லாம் நல்லா இருக்கு. நீயும் பாத்துக்க அறிவு" என்றார். எங்கே பார்த்துக்கொள்வது என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு விசா புதுப்பிக்கும்போது மட்டும் நெஞ்சுப் படமும் ரத்தமும் எடுப்பார்கள். தொற்று நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. எனக்கு ஆகஸ்டில் வருகிறது.

அடுத்த முகாமில் அந்த ஒரிசாக்காரருக்கும் ஒரு படம் எடுக்க விடுங்கள் அண்ணா. ஆசைப்பட்டுக் கேட்டிருக்கமாட்டார்.

தம்பி
அறிவரசன்


ஆலத்தியூர்
25 ஆகஸ்ட் 2024

அறிவரசனுக்கு,

உன் உபதேசம் கிடைத்தது. நீ சுகமாக இருப்பது அதன் நீளத்திலேயே தெரிந்தது. இங்கே மழையில்லை, கொல்லை காய்கிறது, நாங்கள் காயவில்லை.

காருக்குள் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் உடம்பு பார்க்கப்படுவதை வேடிக்கை பார்த்தவன் எனக்கு வைத்தியம் சொல்கிறான். அந்த மேனேஜர் தின்று கொழுத்தவன். அவனுக்குச் சோதனை வேண்டும். இருபது வருசம் சிமெண்ட் தூசியைத் தின்று செரித்த நெஞ்சு என்னுடையது. எந்தக் கிருமி வந்தாலும் உள்ளே கெட்டித்துப் போய்விடும்.

வீடு வீடாகப் பிரஷர், சர்க்கரை பார்க்கிற பெண் போன வாரம் நம் வீட்டுக்கும் வந்தாள். என் கையைப் பிடித்தாள். "விடும்மா, என் கை என்ன கத்திரிக்காயா, அமுக்கிப் பாக்குற?" என்றேன். உன் அண்ணி, "ஏங்க, ஒரு நிமிசம் கையக் குடுத்தா தேஞ்சா போயிடுவீங்க?" என்று சொல்லிவிட்டுத் தன் கையை நீட்டினாள். அவளுக்குச் சர்க்கரையாம். இப்போது மாத்திரை தின்கிறாள். கையை நீட்டாமல் இருந்திருந்தால் நோயே இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டாள்.

உன் அருமை ஒரிசாக்காரன் விடாமல் இருமுகிறான். ஆஸ்பத்திரிக்குப் போக அரைநாள் லீவு கேட்டான். இவர்களுக்கு இருமலே லீவு எடுக்கத்தான் வருகிறது. "ஒங்க ஊருக்குப் போய் இருமு, இங்க லாரி நிக்குது" என்று அனுப்பினேன். சொந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தவனுக்கு உடம்பைப் பற்றி என்ன கவலை? கவலை இருந்தால் அம்மா மடியிலேயே இருந்திருக்க வேண்டும். இது உனக்கும் சேர்த்துத்தான்.

விசா சோதனை முடிந்ததா?

மணிவண்ணன்


மஸ்கட்
20 அக்டோபர் 2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அண்ணிக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். அண்ணி மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா வேலை இழுத்துக்கொண்டே போகிறது. அறை மாறியிருக்கிறேன். இந்த விலாசத்துக்கு இனி எழுத வேண்டாம், பெரம்பலூரில் தென்றலிடம் அனுப்பினால் எனக்குச் சேர்த்துவிடுவாள்.

ஒரு விஷயம். என்னோடு வேலை செய்த ஒருவர் நம் பக்கத்துக்காரர், ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு ஆலையில் காவல் வேலை மாதிரி எளிதாக ஏதாவது கிடைக்குமா? தூசியில்லாத இடமாக இருந்தால் நல்லது.

அந்த ஒரிசாக்காரரின் உண்மையான பெயர் என்ன? இருமல் எப்படி இருக்கிறது?

அறிவரசன்


ஆலத்தியூர்
17 நவம்பர் 2024

அறிவரசனுக்கு,

உன் மனைவி விலாசத்துக்கு எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். ஒரு மனிதனுக்குத் தனக்கென்று ஒரு விலாசம்கூட இல்லாமல் போகும் என்று எனக்குத் தெரியாது. இங்கே எல்லோரும் திடமாக இருக்கிறோம்.

உன் நண்பனுக்குக் காவல் வேலை வேண்டும், அதுவும் தூசியில்லாமல். சிமெண்ட் ஆலையில் தூசியில்லாத இடம் மேனேஜர் அறை ஒன்றுதான். அதைக் காலி செய்து தரச் சொல்கிறேன். வெளிநாட்டில் உருப்படாமல் திரும்பி வருகிறவனெல்லாம் எதற்கு இங்கே வருகிறான்? போனவன் போனதாகவே இருக்கட்டும்.

நீ கேட்ட ஆளின் கதை முடிந்துவிட்டது. பெயர் திலீப்பாம், கேட்டுத் தெரிந்துகொண்டேன், உனக்காக. தீபாவளி முடிந்த மறுவாரம் ஷெட்டிலேயே ரத்தம் கக்கினான். வெள்ளை மூட்டை மேல் சிவப்பாகக் கிடந்தது. லாரி டிரைவர்கள் ஓடிப் போய்த் தள்ளி நின்றார்கள். எனக்கும் சேர்த்துச் சம்பளம் தருகிற கான்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். "ஆஸ்பத்திரி, கேசுன்னு இழுத்துக்கிட்டு நிக்காதீங்கண்ணே, வண்டி ஏத்திவுட்டுருங்க" என்றார். அன்று மதியமே அரியலூர் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் அனுப்பினேன். டிக்கெட்டும் ரொட்டி பாக்கெட்டும் கொடுத்தேன். எவன் கொடுப்பான்? "சார், டாக்டர்?" என்று கேட்டான். "ஊர்ல டாக்டர் இருக்காரு, போ" என்றேன். மூட்டையை எரித்தோம். ஷெட் அன்றைக்கே ஓடியது.

வேலை என்றால் இப்படிச் சுத்தமாக முடிக்க வேண்டும். உனக்கு எதையும் இழுத்தடித்துத்தான் பழக்கம். விசாவையும்.

மணிவண்ணன்


துறைமங்கலம், பெரம்பலூர்
8 டிசம்பர் 2024

அண்ணா,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் இல்லை. நேராகவே சொல்கிறேன்.

நான் செப்டம்பரிலேயே ஊருக்கு வந்துவிட்டேன். அக்டோபரில் உங்களுக்கு வந்த கடிதம் இந்த வீட்டில் உட்கார்ந்து எழுதியது. மஸ்கட்டுக்குத் திரும்பிப் போன ஒருவரிடம் கொடுத்து அங்கிருந்து தபாலில் சேர்க்கச் சொன்னேன். வேலை கேட்ட நண்பரும் நான்தான்.

விசாவுக்கு எடுத்த படத்தில் என் இடது நெஞ்சில் காசநோய் தெரிந்தது. கம்பெனி ஆபீசில் என்னை உட்காரச் சொல்லவில்லை. "ஊரில் போய் வைத்தியம் பார்" என்று மேஜை மேல் டிக்கெட்டைத் தள்ளினார்கள். பத்து வருடமாக நான் காரில் ஏற்றிப் போன மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பக்கம் நிற்பவர், அவ்வளவுதான்.

திலீப்பை நீங்கள் வண்டி ஏற்றியதைப் படித்தபோது தென்றல் பக்கத்தில் இருந்தாள். முழுதும் படித்துக் காட்ட என்னால் முடியவில்லை.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை தருகிறார்கள். ஆறு மாதம். என்னால் இனி மற்றவருக்குப் பரவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தென்றலுக்கும் மகளுக்கும் பார்த்தார்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. உங்கள் பக்கத்தில் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லாததால்தான் சொல்லாமல் இருந்தேன். இப்போதும் நீங்கள் வர வேண்டும் என்று கேட்கவில்லை.

கேட்பது ஒன்றுதான். திலீப்போடு ஒரே ஷெட்டில் மாதக்கணக்கில் நின்றிருக்கிறீர்கள். நீங்களும் அண்ணியும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மற்ற பையன்களையும் அனுப்புங்கள்.

தம்பி


ஆலத்தியூர்
5 ஜனவரி 2025

அறிவரசனுக்கு,

பேஷ். பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு மஸ்கட் தபால்தலை. இவ்வளவு மூளையை வேறு எதற்காவது செலவழித்திருந்தால் இந்நேரம் கலெக்டர் ஆகியிருப்பாய். கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, விசா இழுக்கிறது, அறை மாறினேன் என்று எழுதியிருக்கிறாய். நானும் இங்கே ஒரு முட்டாள், தம்பி அங்கே என்ன சாப்பிடுகிறானோ என்று இருந்திருக்கிறேன்.

அதைவிடக் கேவலம், என்னையும் அந்த மூட்டைக்காரனையும் ஒன்றாகச் சேர்த்தது. அவன் வந்தவன். நான் இந்த மண்ணிலேயே பிறந்தவன். அவனுக்கு வந்தது எனக்கு வராது. உனக்கு வந்தது நீ அவனைப் போல ஊர் விட்டுப் போனதால். கண்டவனோடு ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்தால் வராமல் என்ன செய்யும்?

படம் எடு, படம் எடு என்று இன்னொரு கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். பொங்கலுக்கு இங்கே வர வேண்டாம். உன் அண்ணி கேட்டால் உனக்கு வேலை என்று சொல்லிக்கொள்கிறேன். பொய் சொல்ல உன்னிடம் கற்றுக்கொண்டேன்.

மாத்திரையை ஒழுங்காகத் தின்.

மணிவண்ணன்


துறைமங்கலம், பெரம்பலூர்
9 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

இது படம் எடுக்கச் சொல்லும் கடிதம் இல்லை, பிரிக்கலாம். எனக்கு எடை கூடியிருக்கிறது. சோறு இறங்குகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆலத்தியூர் வந்தேன். உங்கள் வீட்டுக்கு இல்லை. பையன்கள் தங்கியிருக்கும் தகரக் கொட்டகைக்கு. மஸ்கட்டில் கற்ற இந்தி அன்றைக்குத்தான் நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. திலீப்பின் போன் நம்பர் வாங்கிப் பேசினேன். வண்டியில் போன இரண்டு நாளும் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு கதவோரமே நின்றானாம், பிறர் மேல் படக்கூடாது என்று. ஊரில் நாட்டு மருந்து குடித்துக்கொண்டு கிடந்தான். அங்கேயும் இதே மாத்திரை இலவசம் என்பது அவனுக்குத் தெரியாது. இப்போது தொடங்கிவிட்டான்.

கொட்டகையில் இன்னும் இருவருக்கு இருமல் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர்களை நானே அழைத்துப் போனேன். ஒருவருக்கு நோய் இருக்கிறது. கூலியை வெட்டுவீர்களோ என்று பயந்தார்கள். வெட்டமாட்டார் என்று உங்கள் பெயரைச் சொல்லி வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். சூப்பர்வைசர் சார் கொஞ்ச நாளாக மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று இருமுகிறார் என்று.

தம்பி


ஆலத்தியூர்
12 மார்ச் 2025

அன்புள்ள தம்பி அறிவரசனுக்கு அண்ணி வெற்றிச்செல்வி எழுதுவது.

தென்றலும் கவியாவும் நல்லா இருக்காங்களா? என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

அவர் என்னிடம் மறைத்து வைத்திருந்த உங்கள் கடிதங்களை எல்லாம் நேற்றுதான் படித்தேன். இரண்டு பேரையும் நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஒருவர் நோயை மறைக்க மஸ்கட்டைக் கூட்டி வந்தார். இன்னொருவர் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு இளைக்கவே இல்லை என்கிறார்.

பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் படம் எடுக்கிற வண்டி வந்தது. இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினேன். நான் எடுத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நாலு பேர் இருக்கையிலேயே கேட்டேன். "ஊரையே அதட்டுற ஆளு, ஒரு படத்துக்குப் பயந்துகிட்டு வந்து ஒளிஞ்சிருக்கீங்களா?" பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னபோது பார்த்தேன் தம்பி, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்குத் திட்ட வரவில்லை.

வலது பக்கம் மேலே ஏதோ இருக்கிறதாம். சளி கொடுத்துப் பார்க்கச் சொல்லி டப்பா தந்தார்கள். அது அப்படியே அலமாரியில் இருக்கிறது. அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆலைக்காரர்கள் பார்த்துவிடுவார்களாம். என் படத்தில் ஒன்றுமில்லை.

நான் சொல்லி ஓய்ந்துவிட்டேன். உங்கள் பேச்சைத்தான் அவர் கேட்பார் என்று சொல்லமாட்டேன். யார் சொன்னாலும் கேட்கமாட்டார். ஆனாலும் நீங்கள் எழுதிய கடிதம் ஒன்றையும் அவர் கிழிக்கவில்லை.

வெற்றிச்செல்வி


ஆலத்தியூர்
20 மார்ச் 2025

அறிவு,

உன் அண்ணி எழுதிவிட்டாள் என்று தெரியும். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காதே, நானும் கேட்கவில்லை.

கான்ட்ராக்டருக்கு விஷயம் போய்விட்டது. டீக்கடையில் கேட்டவன் எவனோ சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை ஷெட் வாசலிலேயே நிறுத்தினார். அந்த ஆள் என் மகன் வயது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு லாரிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். "அண்ணே, ஒடம்பப் பாத்துக்குங்க. கொஞ்ச நாள் வர வேணாம்" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். "சொல்லி அனுப்புறேன்" என்றார். அந்தச் 'சொல்லி அனுப்புறேன்' என்னவென்று எனக்குத் தெரியும், நானே எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான். இருபது வருசம் அந்த ஷெட்டில் நின்றிருக்கிறேன். ஒரு ரொட்டி பாக்கெட்கூடத் தரவில்லை. நான் இந்த மண்ணில் பிறந்தவன் என்பது அந்தக் கைக்குட்டைக்குத் தெரியவில்லை.

நீ வாக்குக் கொடுத்த பையனின் கூலியை நான் இருந்தவரை வெட்டவில்லை. இனி வருகிறவனிடம் நீயே போய்ப் பேசிக்கொள்.

நேற்று அந்தக் கொட்டகைப் பையன்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே வரச் சொன்னது உன் அண்ணி, நானில்லை. திலீப் போனில் இருக்கிறான் பேசுங்கள் என்று காதில் வைத்துவிட்டார்கள். "சார், மாத்திரை வெறும் வயித்துல ஆகலைன்னா, டாக்டர்கிட்ட கேட்டு சாப்ட்டு போடு சார். எனக்கு வாந்தி வந்துச்சு" என்கிறான். எனக்கு வகுப்பெடுக்கிறான். என்னைத் திட்டுவதற்கு அவனுக்குத் தமிழ் போதாதோ என்று பார்த்தேன். போதும் அளவுக்குத் தமிழ் இருக்கிறது. திட்டவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வரும் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் பெரம்பலூர் வருகிறேன். உன்னைப் பார்க்க இல்லை, ஆஸ்பத்திரிக்கு. பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று கட்டிப்பிடிக்கும் வேலையெல்லாம் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு வா. டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன், உனக்குப் பேசத் தெரியாது.

வரிசையில் எனக்குப் பின்னால் நில். முன்னால் நின்றால் நான் நழுவிப் போனாலும் உனக்குத் தெரியாது.

அண்ணன்